கிறீனிச் மணிக்கூடு

லண்டன் இல்ஃபோர்டில் செய்மதி பார்க்கத் தெரிந்தவர் தான் ஒருவர் மட்டுமே என்பது அம்பலவாணனின் முடிவு. மற்றவர்களெல்லாம் போனை வானத்துக்கு நீட்டி, அது சொன்ன பேரைத் திருப்பிச் சொல்லும் கிளிப்பிள்ளைகள். மனைவி நகுலேஸ்வரி அந்தக் கணக்கிலும் இல்லை. ஒருதரம் ஹீத்ரோவுக்கு இறங்கிய விமானத்தைக் காட்டி "செய்மதியோ?" என்று கேட்டவள்.

பூமியைச் சுற்றும் இராணுவச் செய்மதிகளின் பாதையைச் சொந்தக்காரர்கள் வெளியே சொல்வதில்லை. நாற்பது பேர் கொண்ட ஒரு குழு அவற்றைப் பார்த்து, நேரம் குறித்து, மின்னஞ்சல் போட்டுக் கண்டுபிடிக்கிறது. எல்லாம் கிறீனிச் நேரம். குறிப்பில், கண்ணால் பார்த்தவரின் பேரைத்தான் போடவேண்டும். பதினாலு வருடமாக அம்பலவாணனின் குறிப்பில் பிழை வந்ததில்லை. பெருமைப்பட அவருக்கு வேறொன்றும் இல்லை, அது அவருக்கே தெரியும். கோடையிலும் மாற்றக்கூடாத கிறீனிச் மணிக்கூடு ஒன்று குசினிச் சுவரில் தனியாகத் தொங்கியது.

மார்ச் கடைசி ஞாயிறு, கோடைக்காக நாடு முழுக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளும் நாள். "இந்த வீட்டில ஒருத்தருக்கும் நேரகாலம் தெரியாது" என்று புறுபுறுத்தபடி, அவரே கதிரையில் ஏறி மணிக்கூடுகளையெல்லாம் மாற்றினார்.

திங்கள் மாலை, கிறீனிச் நேரம் எட்டுப் பத்துக்கு வரவேண்டிய செய்மதி வரவில்லை. வானம் இன்னும் சரியாக இருட்டவில்லை. அதற்குப் பக்கத்து வீட்டு லைட்டைத் திட்டினார், பிறகு கவுன்சிலைத் திட்டினார். உள்ளே வந்து குழுவுக்கு எழுதினார்: 'பாதை மாறிவிட்டது. நேற்று அது சரியான நேரத்துக்கு வந்ததாக எழுதிய லீட்ஸ் கத்துக்குட்டி இனி விமானம் எண்ணட்டும்.' அனுப்பியதும் மனம் குளிர்ந்தது.

பிறகு நகுலேஸ்வரி குப்பை வாளியை வெளியே வைக்கப் போனாள்.

"இஞ்சாருங்கோ, ஓடி வாங்கோ! ஒண்டு போகுது!"

"பிளேனாயிருக்கும்." அவர் எழும்பவில்லை.

அவள் உள்ளே வந்தாள். "பிளேன் எண்டா விட்டு விட்டு மினுங்குமெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். இது மினுங்கேல்லை. உச்சியில ரெண்டு வெள்ளி பக்கத்தில பக்கத்தில நிக்குதெல்லே, அதுக்கு நடுவால போய் அப்பிடியே அணைஞ்சு போச்சு."

அவர் தாளில் கீறி வைத்திருந்த பாதையும் அந்த இரண்டு நட்சத்திரங்களுக்கு நடுவால்தான் போனது.

"எத்தினை மணிக்கு?"

"ஒன்பது பத்து. கேப்பியள் எண்டு போனில பார்த்தனான்."

அம்பலவாணன் சுவரைப் பார்த்தார். கிறீனிச் மணிக்கூடும் ஒன்பதைத் தாண்டிக் காட்டியது. அது எட்டைத்தான் தாண்டியிருக்க வேண்டும். ஞாயிறு ஏறிய கதிரை ஞாபகம் வந்தது.

"அதையும் நீங்கள்தான் மாத்தினியள்," என்றாள் நகுலேஸ்வரி. "சொல்லத்தான் வந்தனான். நேரகாலம் தெரியாதெண்டு பேசினியள். விட்டிட்டன்."

அவர் மின்னஞ்சலைத் திறந்தார். 'என் குறிப்பு பிழை. செய்மதி கிறீனிச் நேரம் சரியாக இரவு எட்டுப் பத்துக்கே வந்தது.' அடுத்த வரி, பார்த்தவர் பேர். கை பழக்கதோஷத்தில் தன் பேரையே அடித்தது.

"நீங்கள் பார்க்கேல்லையே," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அழித்துவிட்டு அவள் பேரைப் போட்டு அனுப்பினார். ஐந்து நிமிடத்தில் லீட்ஸிலிருந்து பதில் வந்தது: 'நன்றி, நகுலேஸ்வரி. இனிமேல் குறிப்புகளை நீங்களே அனுப்புங்கள்.'

அவள் அவர் தோளுக்கு மேலால் குனிந்து வாசித்தாள்.

"ஓம் எண்டு எழுதுங்கோ," என்றாள்.