ஒத்தாசை வேணுமா கண்ணு?

யார்க்‌ஷரின் அந்த ஆங்கிலேயச் சிற்றூரில் கோடைச் சந்தை முடிந்து, ஊர்மன்றத் தலைவர் ரூபர்ட் நன்றியுரையில் இறங்கியிருந்தார். மன்றத்துச் சமையலறையில் வின்னி தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசிப் பேருந்து ஐந்து மணிக்கு. அதை விட்டால் தங்கை மேவிஸின் கல்யாண விருந்து போச்சு. மேவிஸுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் விருந்தையும் இதே தொட்டி முன்னால் நின்றுதான் வின்னி கோட்டைவிட்டிருந்தாள்.

"மலையையே நகத்திட்டோம்!" கூடத்தில் ரூபர்ட் முழங்கினார். அவர் நகர்த்தியது ஒரே ஒரு நாற்காலி. அதுவும் தான் உட்கார. "கூடுதலா ஒரு மைல் நடந்தோம்!" இரண்டு வீடு தள்ளியிருந்து காரில் வந்தவர்.

"பேச்சுல இன்னும் முழங்கை எண்ணெய் வரலையே?" தட்டுகளைக் கொண்டுவந்து வைத்த பெகி கேட்டாள். அழுத்தித் தேய்க்கிற உழைப்புக்கு ரூபர்ட் சொல்லும் பெயர் அது.

"வரும். செலவே பண்ணாம அவருகிட்ட அப்படியே இருக்கே."

கைதட்டல் ஓய்ந்தது. கார் சாவியோடு ரூபர்ட் எட்டிப் பார்த்தார். "ஒத்தாசை வேணுமா, கண்ணு?"

கிளம்புவதற்குக் கோட்டு மாட்டிக்கொண்டு கேட்கிற கேள்வி அது. கேட்பது மரியாதை, வேண்டாம் என்பது அதைவிட மரியாதை. வருஷா வருஷம் வின்னி, "வேண்டாங்க, நீங்க கெளம்புங்க" என்பாள். இப்போதும் அது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"வேணும்" என்றாள்.

யாரோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதுபோல் கூடமே திரும்பிப் பார்த்தது.

"என்ன சொன்ன?"

"வேணும்னேன். கேட்டதுக்கு ரொம்ப நன்றி." ஏப்ரனைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டினாள். "கோப்பை உள்பக்கக் கறை லேசுல போகாது. முடிச்சிட்டுப் பூட்டிடுங்க, பூட்டுச்சாவி ஆணியில தொங்குது."

"நான் சும்மா ஒரு பேச்சுக்கு..."

"தெரியும். இத்தன வருஷமா நானும் ஒரு பேச்சுக்குத்தான் வேண்டாம்னேன்."

பேருந்து மன்றத்தைத் தாண்டும்போது சமையலறை ஜன்னல் தெரிந்தது. பூப்போட்ட ஏப்ரனில் ரூபர்ட், கையில் இன்னும் தண்ணீர் படாத கோப்பை. வாய் மட்டும் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தது. எதிரே பெகி கையைக் கட்டி நின்று, தாடையால் தொட்டியைக் காட்டினாள்.

வின்னி பையிலிருந்து விருந்துச் செருப்பை எடுத்து, ஈரக் காலைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.