கட்டைவிரல் போட்ட பூட்டு

தையல்காரருக்கு மனைவியை நேருக்கு நேர் பாராட்ட வாய் வராது. ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம் அவள் செய்த ரேடியோவைப் பற்றிப் பெருமை அடிக்காமல் அளவு எடுக்கவும் மாட்டார்.

அவள் லிஃப்ட் மெக்கானிக். பேசவும் கேட்கவும் உதவும் அந்தப் பெட்டியில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனிக் கம்பிச்சுருள் உண்டு. முன்பெல்லாம் அலைவரிசை மாற ஒரு பெரிய குமிழைக் கடகடவென்று திருக வேண்டும். போன மாதம் அவள் குமிழைக் கழற்றிவிட்டு, பழைய லிஃப்ட் போர்டிலிருந்து எடுத்த சாதாரண டயோடுகளை வரிசையாகப் பற்றவைத்தாள். பட்டனை அமுக்கினால் வேண்டிய சுருளுக்கு மட்டும் வழி திறக்கும், மற்றவை அடைத்துக்கொள்ளும். அசைகிற பாகம் ஒன்றுகூட இல்லை. காஜா எடுப்பதில் யாரையும் மதிக்காத மனிதர் அந்தப் பற்றவைப்பைப் பார்த்து அசந்துபோனார்.

சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் மகள் சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பேசுவாள். போன வாரம், இந்த வேலைக்கு ஏன் போனாய் என்று அவளை எடுத்தேன் கவிழ்த்தேன் என்று திட்டித் தீர்த்துவிட்டார். இன்று மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டும். இதை விட்டால் கப்பல் இரண்டு மாதத்துக்கு எட்டாத தூரம் போய்விடும். மனைவியோ பாதியில் நின்ற ஒரு லிஃப்டைப் பார்க்கப் போயிருந்தாள்.

"அப்பா, சரியா கேக்கல. இருபது மீட்டர் அலைவரிசை அடங்குது. நாப்பது மீட்டருக்கு வாங்க."

"இதோ வரேம்மா, இதோ!" மைக்கைப் பிடித்தபடி பட்டனை அமுக்கினார். எந்த அலைவரிசை என்று காட்டும் விளக்கு நகரவில்லை. இன்னொரு தரம் அமுக்கினார். ஊஹூம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவிக்கு போன் போட்டார்.

"உன் பட்டன் செத்துப்போச்சு!"

"கையில மைக் இருக்கா?"

"இருக்கு."

"கட்டைவிரல் எங்க இருக்கு?"

பார்த்தார். அமுக்கினால் பேசவும் விட்டால் கேட்கவும் உதவும் மைக் விசை அமுங்கியபடியே இருந்தது.

"அத எடுங்க. பேசிட்டே அலைவரிசை மாத்தினா டிரான்சிஸ்டர் வெந்துடும். ஏற்கெனவே ரெண்டு வெந்தது யாரால? அதான் பூட்டு வச்சேன். கதவு மூடாம லிஃப்ட் நகராது இல்லையா, அதே கதைதான்."

தன்னை இவ்வளவு சரியாக அளவு எடுத்த ஆள் வேறு யாரும் இல்லை என்று அவருக்குத் தோன்றியது. கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

விரலை எடுத்துப் பட்டனைத் தொட்டார். விளக்கு சத்தமில்லாமல் நாற்பதுக்குத் தாவியது. மகளின் குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாக வந்தது.

"அப்பா, இருக்கீங்களா? போன வாரம் நானும் பதில் சொன்னேன். நீங்க விரலையே எடுக்கல."



"தப்பு என்னோடதும்மா. மன்னிச்சுக்கோ. இந்த வேலைக்கு ஏன் போனேன்னு இப்ப நீ சொல்லு."

மைக்கை மேஜையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டார். மகள் பதினோரு நிமிடம் பேசினாள்.