பதினோராம் நம்பர் சீட்டு

பெரிய சிஸ்டருக்கு ஒரு கர்வம் உண்டு. ஒரு பெண் படியேறி வரும் நடையைப் பார்த்தே அவளுக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடித்துவிடுவார். வெளியே சொல்ல மாட்டார். மனசுக்குள் ஒரு பெயர் போட்டு வைத்துக்கொள்வார். பிறகு டாக்டரம்மா எழுதும் மருந்துச் சீட்டை ஓரக்கண்ணால் பார்ப்பார். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். மகளிர் மருத்துவர் ஒருவரிடம் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவருக்கு இந்தக் கர்வம்கூட இல்லாவிட்டால் எப்படி?

அந்தக் கர்வம்தான் இப்போது அவர் கழுத்தைப் பிடித்திருந்தது. சிஸ்டருக்கு வயது ஐம்பத்தேழு. மாதவிடாய் நின்று ஐந்து வருடம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை, குளிக்கப் போனபோது, உள்ளாடையில் இரண்டு சொட்டு ரத்தம் பார்த்தார். நின்ற இடத்திலேயே அதற்கு ‘வறட்சி’ என்று பெயர் வைத்துவிட்டார். வயதானால் உள்சுவர் வறண்டு மெலியும், லேசாகக் கசியும். எத்தனையோ பேருக்கு அவரே களிம்பு எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்று அலமாரியிலிருந்து தனக்கும் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த மாதம் கொஞ்சம் கூடுதலாக வந்தது. அதற்கடுத்த மாதம் நாலு நாள். இதையே வேறொருத்தி வந்து சொல்லியிருந்தால், நின்ற பிறகு ஒரு சொட்டு வந்தாலும் பார்த்தே ஆக வேண்டும் என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போயிருப்பார். தன் விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. விவரம் தெரியாதவர்களின் பயத்துக்கு ஆறுதல் சொல்லிவிடலாம். எல்லாம் தெரிந்த ஒருத்தி பயப்பட ஆரம்பித்தால் அவளுக்கு யார் என்ன சொல்ல முடியும்?

டாக்டரம்மாவுக்கு ஊரார் வைத்த பெயர் ‘கேள்வி டாக்டர்’. ஆள் குள்ளம். குரல் மெலிசு. ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, பேனாவை மூடி வைத்துவிட்டு, பதில் வரும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தப் பார்வைக்கு முன்னால் பொய் சொன்னவர்கள் எல்லோரும் இரண்டாவது நிமிடத்தில் தாங்களே திருத்திக்கொண்டதைச் சிஸ்டர் கண்ணால் கண்டிருக்கிறார்.

அந்தக் கிளினிக்கில் இரண்டு சட்டங்கள் இருந்தன. முதலாவது, கூட வந்தவர்கள் வெளியே. கணவன்மார்களுக்கு இது பிடிக்காது. மனைவிக்குக் கடைசியாக எப்போது மாதவிடாய் வந்தது என்று கேட்டால் முந்திக்கொண்டு தப்புத் தேதி சொல்வதில் அவர்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. டாக்டரம்மா சிரித்த முகத்தோடு கதவைக் காட்டுவார். அம்மா, மாமியார், அக்கா, எல்லோருக்கும் அதே கதவுதான்.

இரண்டாவது சட்டம் சிஸ்டருக்கானது. முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவளின் தொந்தரவை ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்ப வேண்டும். அதில் நோயின் பெயர் வரக் கூடாது. வந்தவள் சொன்ன வார்த்தை மட்டும்தான். ‘அடிவயிறு இழுக்குது’ என்றால் ‘இழுக்குது’. ‘கீழே ஏதோ இறங்கி நிக்குது’ என்றால் அப்படியே. நோய்க்குப் பெயர் வைத்துக்கொண்டு ஒருத்தியைப் பார்த்தால் அந்தப் பெயர்தான் கண்ணுக்குத் தெரியும், அவள் தெரிய மாட்டாள் என்று முதல் நாளே டாக்டரம்மா சொல்லியிருந்தார். பத்தொன்பது வருடத்தில் சிஸ்டர் இந்தச் சட்டத்தை ஒரு தடவைகூட மீறியதில்லை, அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று காலை முதலில் வந்தது பதினாறு வயதுப் பெண். சீட்டில் ‘நாலு மாசமா வரலை’. அம்மாவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவள் எதற்குப் பயந்தாள் என்பது சொல்லாமலே விளங்கியது. சிஸ்டர் மனசுக்குள் ‘நீர்க்கட்டி’ என்று போட்டுக்கொண்டார். டாக்டரம்மா அம்மாவை வெளியே உட்கார வைத்தார். செய்ய வேண்டிய சோதனைகளை அலட்டிக்கொள்ளாமல் செய்தார். பிறகு, அந்தப் பெண் காலில் போட்டிருந்த தேய்ந்த ஓட்டக் காலணியைப் பார்த்து, ஒரு நாளைக்கு எவ்வளவு ஓடுகிறாய் என்று கேட்டார். பத்து கிலோமீட்டர். காலையில் என்ன சாப்பிடுகிறாய்? காபி. மத்தியானம்? அந்தப் பெண் குனிந்து காலணி நாடாவைச் சரிசெய்தாள். கர்ப்பமும் இல்லை, கட்டியும் இல்லை. போட்டிக்காக எடையைக் குறைக்கிறேன் பேர்வழி என்று பட்டினி கிடந்த உடம்பு, இருக்கிற சத்தைச் சேமித்துக்கொள்ள மாதவிடாயை நிறுத்தி வைத்திருந்தது. ஓட்டத்தை விடச் சொல்லவில்லை, சாப்பிடாமல் ஓடாதே என்றுதான் சொல்கிறேன் என்று டாக்டரம்மா சொன்னபோது அந்தப் பெண் அழுதேவிட்டாள். வெளியே அம்மா அதற்கு மேல் அழுதாள்.

அடுத்தது கடையில் கல்லாவில் உட்காருகிற முப்பத்தெட்டு வயதுக்காரி. ‘பத்து நாள் நிக்காம போகுது, படியேற முடியலை’. வேறு இடத்தில் கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று நாள் குறித்துக் கொடுத்திருந்தார்கள். சிஸ்டர் ‘தசைக்கட்டி’ என்று தீர்ப்பெழுதியிருந்தார். டாக்டரம்மா வயிற்றைப் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார், பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். முடி கொட்டுகிறதா, எல்லோரும் விசிறிக்கொள்ளும்போது உங்களுக்குக் குளிருகிறதா என்று கேட்டார். ஸ்கேனில் ஒரு கட்டியும் இல்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்து, குறைந்திருந்தால் மாத்திரையிலேயே பெரும்பாடு அடங்கும் வாய்ப்பு இருக்கிறது, கர்ப்பப்பை எங்கேயும் ஓடிவிடாது, பொறுமையாகப் பார்க்கலாம் என்றார்.

மூன்றாவது எழுபது வயதுத் தையல்காரம்மா. ஆறு வருடமாகக் கர்ப்பப்பை கீழே இறங்கி நிற்க, துணியைச் சுருட்டி அடை கொடுத்துக்கொண்டே மிஷின் மிதித்தவர். ஒரு ரப்பர் வளையத்தை அளவு பார்த்து உள்ளே பொருத்தி, வராந்தாவில் நடந்து பார்க்கச் சொன்னார் டாக்டரம்மா. அந்தம்மா போனார், திரும்பினார், மறுபடி போனார். ஐந்து சுற்று ஆனதும், இன்னும் நடக்கலாமா என்று அனுமதி கேட்டார். இந்தக் குள்ள மனுஷியிடம் சம்பளம் வாங்குவதே பெருமை என்று எத்தனையாவது தடவையாகவோ சிஸ்டர் நினைத்துக்கொண்டார்.

ஆனால் ஒரே காலையில் தன் கணிப்பு இரண்டு தடவை பொய்த்தது அவரை உறுத்தியது. வைத்த பெயர்கள் தப்பாகலாம் என்றால், வீட்டில் தன் ரத்தத்துக்கு வைத்த பெயர்?

பதினோராம் நம்பராக ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் வந்தார். வயது அறுபத்தொன்று. மேசைக்கு மேல் குனிந்து, குரலைத் தாழ்த்தி, நின்று எட்டு வருடம் கழித்து இரண்டு சொட்டு பார்த்ததாகச் சொன்னார். மூன்று நாளாகத் தூக்கமில்லையாம்.

சிஸ்டரின் கை ‘ரெண்டு சொட்டு’ என்று எழுதவில்லை. ‘வறட்சி’ என்று எழுதியது. வாயும் சும்மா இருக்கவில்லை.

“வயசானா உள்ள வறண்டு போகும் டீச்சர். அதுல வர்றதுதான். இதுக்குப் போயி தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டீங்களே.”

சொல்லும்போது சிஸ்டருக்கே நெஞ்சு லேசானது. இந்தம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றால் தனக்கும் ஒன்றுமில்லை. டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள், சிஸ்டரே சொன்ன பிறகு டாக்டரை எதற்குத் தொந்தரவு செய்வது என்று நன்றி சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். சிஸ்டர் தடுக்கவில்லை.

டாக்டரம்மா பத்தாவது ஆளை அனுப்பிவிட்டு மணி அடித்தார். யாரும் உள்ளே போகவில்லை. அவரே எழுந்து வந்து மேசையிலிருந்த சீட்டை எடுத்துப் படித்தார். வயது, நின்ற வருடம், அதற்குக் கீழே அந்த ஒரு வார்த்தை. சிஸ்டரை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“இது அவங்க சொன்ன வார்த்தையா, சிஸ்டர்?”

சிஸ்டர் தரையைப் பார்த்தார். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார்.

“அப்போ இது யாரோட வறட்சி?”

“என்னோடது மேடம்.”

டாக்டரம்மா அதிரவில்லை, திட்டவும் இல்லை. முதல் காரியமாக, டீச்சருக்குப் போன் போடச் சொன்னார். தப்பாகச் சொல்லிவிட்டேன், இன்றைக்கே வாருங்கள் என்று சிஸ்டர் தன் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. சொல்லி முடித்தார். பிறகு டாக்டரம்மா ஒரு புதுச் சீட்டை எடுத்து, சிஸ்டரை எதிர் நாற்காலியில் உட்கார வைத்து, கேட்டுக் கேட்டுத் தன் கையால் எழுதினார். எந்தத் தேதி? எத்தனை நாள்? என்ன நிறம்? சர்க்கரை எவ்வளவு இருக்கிறது? புதிதாக வந்த ஒரு பெண்ணிடம் கேட்பது போலவே எதையும் விடாமல் கேட்டார். மற்றவர்கள் இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஏன் அழுகிறார்கள் என்பது சிஸ்டருக்குப் பத்தொன்பது வருடம் கழித்து அன்றுதான் புரிந்தது.

ஸ்கேன் திரையைச் சிஸ்டரே படித்துவிட்டார். கர்ப்பப்பையின் உள்சவ்வு நாலு மில்லிமீட்டருக்குள் இருந்திருக்க வேண்டும். பதினொன்று இருந்தது. டாக்டரம்மா மெல்லிய குழாயை உள்ளே விட்டு, சோதனைக்கு அனுப்ப ஒரு துணுக்கு எடுத்தார். வலிக்கும், இருமுங்கள், இதோ முடிந்தது என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லிச் செய்தார். முடிந்த பிறகு கையைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

மத்தியானம் டீச்சர் வந்தார். அவருக்கும் எல்லாம் பார்த்தாயிற்று. உள்சவ்வு மெல்லிசு. வெறும் வறட்சி.

டீச்சர் சிரித்த முகத்தோடு களிம்பை வாங்கிக்கொண்டு போன பிறகு டாக்டரம்மா சொன்னார்: “நீங்க சொன்னது சரிதான் சிஸ்டர். பார்க்காம சொன்னதுதான் தப்பு.”

சரியாகச் சொன்னதற்காகச் சிஸ்டர் அன்று சந்தோஷப்படவில்லை. ராத்திரி சமையல்கட்டில் வீட்டுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னார். அவர் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் அவர் பாத்திரத்தைத் தொட்டதே இல்லை. அதைப் பார்த்துத்தான் சிஸ்டருக்குப் பயம் கூடிவிட்டது.

ஆறாம் நாள் முடிவு வந்தது. சிஸ்டர் வழக்கம் போல முன்மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார், அவரவர் வார்த்தையில், ஓர் எழுத்துப் பிசகாமல். கடைசி ஆள் போனதும் டாக்டரம்மா கூப்பிட்டார். வீட்டுக்காரர் வெளியே காத்திருந்தார். கூட வைத்துக்கொள்கிறீர்களா, தனியாகக் கேட்கிறீர்களா என்று டாக்டரம்மா கேட்க, முதலில் தனியாக என்றார் சிஸ்டர்.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை.

“புற்றுநோய் சிஸ்டர். கர்ப்பப்பையோட உள்சவ்வுல. ஆரம்பம் மாதிரிதான் இருக்கு. எம்.ஆர்.ஐ. பார்த்துட்டு, கர்ப்பப்பையை எடுத்துடணும். இந்த நிலைமையில வந்தவங்க பெரும்பாலானவங்க நல்லாயிடுறாங்க. பெரிய ஆஸ்பத்திரியில ஆபரேஷனுக்குச் சொல்லிட்டேன், நானும் உள்ள வந்து நிப்பேன்.”

சிஸ்டர் தலையாட்டினார். எதிர்பார்த்த வார்த்தைதான். கைகளை மடியில் கோத்துக்கொண்டார். விடுப்பு, தனக்குப் பதில் முன்மேசைக்கு யார், சட்டத்தை அந்த ஆளுக்கு யார் சொல்லிக் கொடுப்பது என்று சம்பந்தமில்லாமல் ஏதேதோ கேட்டார். டாக்டரம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். அந்த முகத்தைக் கண்ணாடி இல்லாமல் சிஸ்டர் பார்த்ததே இல்லை.

“பதினாறு வயசுலேர்ந்து எழுபது வயசு வரைக்கும் ஒருத்தர் விடாம கேட்கறேன். மூணு மாசமா என் கதவுக்கு வெளியில நீங்க உட்கார்ந்திருந்தீங்க. உங்களை ஒரு நாள்கூட நான் கேட்கலை.”

மேடத்தின் முகம் இப்படி வாடுவதைப் பார்க்கச் சிஸ்டருக்குப் பொறுக்கவில்லை. தன் நோயைக்கூட ஒரு நிமிடம் மறந்துபோனார்.

“கேட்டிருந்தாலும் பொய்தான் சொல்லியிருப்பேன் மேடம்.”

“தெரியும்,” என்றார் டாக்டரம்மா. “பொய் சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே.”