இரவல் வரிகள்

திங்கட்கிழமை இரண்டாக வெட்டப்பட்ட நூற்றிருபது வேதப்புத்தகங்களின் பின்பாதிகளிலிருந்து, புதன்கிழமை காலை ஏழரை மணிக்குள், முன்பாதியிலிருந்து எடுத்தாண்ட இரவல் வரிகள் எல்லாம் வெளியேறிவிட்டன. பைண்டிங் கடை எட்டு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் அதை முழுதாகப் பார்த்தவர்கள் இரண்டே பேர்: தெருக்கூட்டும் அம்மாளும், பால்வண்டிக்காரரும். வரிகள் கடையின் கதவிடுக்கு வழியாக இறங்கி, சொல்லுக்கும் சொல்லுக்கும் உள்ள இடைவெளி குலையாமல், எறும்பைவிடச் சற்று வேகமாகத் தெருவைக் கடந்து, எதிர்ச்சாரியில் இருந்த யூதர்களின் ஜெபஆலயத்துப் பின்கட்டு அறைக்குள் நுழைந்தன. நடுவில் ஒரு பேருந்து வந்தது. நின்று, அது போனபின் நகர்ந்தன. கூட்டும் அம்மாள் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வழிவிட்டார்.

வெட்டச் சொன்னவர் போதகர். தெருவே பைண்டரம்மா என்று கூப்பிடும் அந்தப் பெண்ணுக்கு அவர் கணவரின் தம்பி. பன்னிரண்டு வயதிலிருந்து அவள் கையால் சாப்பிட்டு வளர்ந்தவர். கெட்டவர் இல்லை, அவசரக்காரர். தன் சபைக்கு வாங்கிய புத்தகங்களைக் கையில் தூக்கிப் பார்த்தவர், முக்கால் பங்கு கனம் முன்பாதியில் இருக்கும் யூதர்களின் வேதமான பழைய ஏற்பாட்டால்தான் என்று கண்டுபிடித்தார். கட்டடம் எழும்பிய பிறகு சாரம் எதற்கு என்று ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். யூதர்களான இஸ்ரவேலுக்குக் கடவுள் கொடுத்த வாக்குகள் காலாவதியாகிவிட்டன, அவர்களுடைய இடம் நமக்கு வந்துவிட்டது, ஆகையால் பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டால் போதும் என்பது அவர் கட்சி. பையில் போட்டுக்கொள்ள வசதியாகவும் இருக்கும் என்றார். கூட்டத்துக்கு அந்தக் கடைசிக் காரணம்தான் மிகவும் பிடித்திருந்தது.

ஒரு புத்தகத்தை வெட்டுவது என்றால் என்ன என்று இங்கே சொல்லிவிட வேண்டும். பெரிய தாள் ஒன்றை மடித்து மடித்துப் பதினாறு பக்கமாக்கினால் அது ஒரு ஃபாரம். அதில் எட்டு இலைகள். முதல் இலையும் எட்டாம் இலையும் உண்மையில் ஒரே தாள். முதுகில் மடிந்திருப்பதால் தனித்தனிபோலத் தெரிகின்றன. இரண்டாம் இலைக்கு ஏழாவது ஜோடி, மூன்றாவதற்கு ஆறாவது. இப்படி அடுக்கிய ஃபாரங்களின் மடிப்பு வழியாக ஊசி போய் வருகிறது. முதல் ஃபாரத்தில் நுழைந்த நூல்தான் கடைசி ஃபாரத்தில் முடிச்சாகிறது. பழையது முடிந்து புதியது தொடங்கும் இடம் ஃபாரத்துக்கு ஃபாரம் சுத்தமாகப் பிரிந்திருந்தால் நூலை அறுத்தால் போதும். ஆனால் அந்தப் புத்தகத்தின் ஐம்பத்தேழாம் ஃபாரத்தில் முதல் ஐந்து இலைகள் கடைசித் தீர்க்கதரிசிகள். பின் மூன்று இலைகள் ஆபிரகாமில் தொடங்கி இயேசுவில் முடியும் பெயர் வரிசையும் அதற்கு அடுத்தவையும். வம்சப்பட்டியல் இருந்த இலையின் மறுபாதி தீர்க்கதரிசியிடம் இருந்தது. பைண்டரம்மா கத்தியை வைப்பதற்கு முன் இதைப் போதகரிடம் விரித்துக் காட்டினாள்.

“பாருங்க தம்பி, ரெண்டும் ஒரே தாளு. இத வெட்டினா இந்த மூணு இலையும் அநாதையா நிக்கும்.”

“பசை போட்டு ஒட்டிடுங்க அண்ணி. யார் பாக்கப்போறாங்க?”

ஒட்டினாள். முன்பாதிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்லிவிட்டுப் போதகர் போனார். அது மட்டும் அவளுக்குக் கை வரவில்லை. தினமும் நாலு மணிக்கு டீ குடிக்க வரும் எதிர்க்கடைக் கடிகாரக்காரர் குவியலைப் பார்த்தார். அவர் யூதர். அவர்கள் வழக்கப்படி கடவுளின் பெயர் எழுதிய தாளைக் குப்பையில் எறியக்கூடாது. கிழிந்தாலும் நைந்தாலும் ஜெபஆலயத்தின் பின்கட்டு அறையில் சேர்த்துவைப்பார்கள், அறை நிறைந்ததும் மண்ணில் புதைப்பார்கள். வேறு மொழியில் அச்சிட்டதாயிற்றே என்று அவள் கேட்டதற்கு, “மொழிபெயர்த்தா ஆளு மாறிடுவாரா?” என்றார். கைவண்டியில் மூன்று நடையாக ஏற்றிப்போனார்.

ஆகவே வரிகள் எங்கே போயின என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. புதன்கிழமை பைண்டரம்மா பின்பாதிகளைப் புரட்டியபோது முதல் இலையில் பெயர்கள் ஒன்றுகூட இல்லை. இயேசு பிசாசுக்குச் சொன்ன மூன்று பதில்களும் இல்லை. பிசாசு பேசிக்கொண்டே இருந்தான், அவர் சும்மா நின்றார். சிலுவையில் அவர் கதறிய இடம் வெள்ளையாக இருந்தது. அதுவும் ஒரு பழைய பாட்டின் முதல் அடி என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. சீடர்களின் கடிதங்களான நிருபங்கள் பூச்சி அரித்த இலைபோலக் கிடந்தன. கடைசியாக, அந்த நூற்றிருபதில் தன்னுடையதான பிரதியை எடுத்து, தனக்கென்று வைத்திருந்த பக்கத்தைத் திறந்தாள்.

பதினாறு வருடங்களுக்கு முன் அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து பதினோரு நாள் இருந்தது. குழியருகே அன்று வேதக்கல்லூரி மாணவனாக இருந்த இதே கொழுந்தன், சாவைப் பார்த்து உன் கொடுக்கு எங்கே என்று எள்ளும் ஒரு வரியை வாசித்தான். அன்று முதல் காலையில் ஊசியில் நூல் கோக்கும் முன் அவள் அந்த வரியைப் படிப்பாள். குழந்தையைத் திரும்பப் பார்ப்பேன் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அது. இப்போது அந்த இடத்தில் இரண்டு விரற்கடை வெள்ளைத்தாள்.

அவள் அழவில்லை. மேசையில் இருந்த புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போதகர் வீட்டுக்குப் போனாள்.

“அவங்களுக்குக் குடுத்த வாக்க ஆண்டவர் ரத்து பண்ணிட்டாருன்னு சொன்னீங்கல்ல தம்பி? அவங்க கையில மூவாயிரம் வருஷமா இருந்ததையே ரத்து பண்றவரு, எம்பொண்ணப் பத்தி எனக்குச் சொன்னத மட்டும் காப்பாத்துவாரா?”

போதகர் விளக்கங்களுக்காகப் பின்பாதியைப் புரட்டினார். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அவருக்குத் தேவையான இடம் வெள்ளையாக இருந்தது. ஒரு மணி நேரம் தேடிவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார். “வாங்க அண்ணி, எதிர்ச்சாரிக்குப் போவோம்.”

பின்கட்டு அறையில் முன்பாதிகள் கூரைவரை அடுக்கப்பட்டிருந்தன. திரும்பிவந்த வரி ஒவ்வொன்றும் தன் மூலவரியின் மேல் போய்ப் படுத்துக்கொண்டிருந்ததால் அந்த இடங்கள் இருமடங்கு கறுப்பாகத் தெரிந்தன. பைண்டரம்மாவின் வரி இரண்டு தீர்க்கதரிசிகளிடம் பாதிபாதியாகப் பிரிந்து கிடந்தது. அவள் விரலால் தடவினாள். சற்றே வெதுவெதுப்பாக இருந்தது. கடிகாரக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு போதகரை அளந்தார்.

“எங்க பழைய பாகத்த இப்படிப் பத்திரமா வெச்சிருக்கீங்களே,” என்று ஆரம்பித்தார் போதகர்.

“எங்களுக்கு அது பழசில்ல ஐயா. அதுதான் முழுசு. உங்க ரெண்டாம் பாதியில எனக்கு வேலையில்ல, அதுக்காகச் சண்டையும் இல்ல.”

“இந்த வரியெல்லாம் நாங்க திரும்ப எடுத்துக்கலாமா அண்ணே?” என்றாள் பைண்டரம்மா.

கடிகாரக்காரர் சிரித்துவிட்டார். “இரவல் வாங்குறதுல என்னம்மா தப்பு? வாங்கிக்கிட்டு, குடுத்தவன் செத்துட்டான்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறதுதான் தப்பு.”

போதகரின் காது சிவந்தது. ஜெபஆலயத்துப் பெரியவர்கள் இரண்டு மாலைகள் கூடி, வழக்கம்போல் ஆளுக்கொரு அபிப்பிராயம் சொல்லி, கடைசியில் வரிகள் தாங்களாகவே வந்தவை, தாங்களாகவே போனால் மறிப்பதற்கில்லை, முன்பாதிகளையும் சொந்தக்காரர்கள் கொண்டுபோகலாம் என்று முடிவு செய்தார்கள். அடுத்த ஞாயிறு போதகர் பிரசங்கமேடையில் நின்று, போன மாதம் நான் சொன்னது தவறு, கடவுள் அவர்களுக்குக் கொடுத்த வாக்கைத் திரும்ப வாங்கவில்லை, நாம் அந்த வீட்டுக்குப் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள் என்றார். பிரசங்கம் நான்கே நிமிடம். சபையார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

வெட்டியதைச் சேர்ப்பது வெட்டுவதைவிட ஆறு மடங்கு வேலை. ஒட்டிய இலைகளை ஈரத்துணியால் ஊறவைத்து எடுத்து, ஒவ்வொன்றையும் அதன் ஜோடியுடன் வைத்து, மடிப்பில் மெல்லிய தாள்கீற்றால் பாலம் போட்டு, காயவைத்து, மறுபடி ஃபாரமாக மடித்து, முதலிலிருந்து தைக்க வேண்டும். வெட்டுவாயின் பிசிறு ஒன்றுபோல் ஒன்று இருக்காது என்பதால் அந்தந்த இலை அதனதன் ஜோடியோடுதான் பொருந்தும். ஜோடி பார்க்கும் வேலையைப் போதகர் எடுத்துக்கொண்டார். பன்னிரண்டாவது புத்தகத்தில் அவசரப்பட்டு வேறொன்றின் இலையை வைத்துவிட்டார். மற்றவற்றில் நூல் முடிச்சு விழுந்த கையோடு பெயர்கள் திரும்பிவந்துகொண்டிருக்க, அதில் மட்டும் ஆபிரகாம் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. “பிரிங்க தம்பி, பிரிங்க. பெரியவர நிக்க வெச்சிருக்கீங்க,” என்று பைண்டரம்மா அதட்டினாள். பிரித்துச் சரியான ஜோடியை வைத்ததும் அவர் மகன் பேரன்களோடு உள்ளே வந்தார்.

அவளுடைய புத்தகத்தை அவள் கடைசியாகத் தைத்தாள். முடிச்சைப் போட்டு, நூலை வெட்டி, அந்தப் பக்கத்தைத் திறக்காமல் வெகுநேரம் கையை மேலே வைத்துக்கொண்டிருந்தாள். திறந்தபோது வரி இருந்தது. முன்னால் தீர்க்கதரிசிகளிடமும் இருந்தது. அங்கே குறையவும் இல்லை. அவள் நாற்காலியில் சாய்ந்து, பதினாறு வருடங்களில் முதன்முறையாக வேலை நேரத்தில் தூங்கிவிட்டாள். கட்டிங் மெஷினை ஓட்டிக்கொண்டிருந்த கணவர் அதை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றார்.

ஒரே ஒரு மாற்றம்தான் நிலைத்தது. வரிகளுக்கு வழி பழகிவிட்டது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பொழுது சாய்ந்து யூதர்களின் ஓய்வுநாள் தொடங்கும் நேரத்தில் அவை நூற்றிருபது வீடுகளிலிருந்தும் இறங்கி, எதிர்ச்சாரிக்குப் போய், ஜெபஆலயத்தில் திறந்துவைத்த, வேதம் எழுதிய தோல்சுருள்களில் படுத்து ஓய்வெடுத்துவிட்டு, சனிக்கிழமை முதல் நட்சத்திரங்கள் தெரிந்ததும் திரும்புகின்றன. போதகர் ஞாயிறு பிரசங்கத்தை வியாழக்கிழமையே தயார்செய்துவிடுகிறார். சனிக்கிழமை அடக்கம் நடந்தால் கடிகாரக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஜெபஆலயத்து வாசலில் நின்று கேட்டுவந்ததை மனப்பாடமாகச் சொல்கிறார். நகரசபை அந்த இடத்தில் தெருவின் குறுக்கே வெள்ளைக்கோடு போட்டுக்கொடுத்திருக்கிறது. சனிக்கிழமை காலைகளில் பைண்டரம்மா தன் பக்கத்தைத் திறக்கிறாள். இரண்டு விரற்கடை வெள்ளையாக இருக்கிறது. வீட்டுக்குப் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டு, ஊசியில் நூலைக் கோக்கிறாள்.