திட்டில் இருவருக்கு ஒரு மேசை

1.

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு விளம்பர அட்டையில் பிறந்தது. ராமேஸ்வரம் தீவில் பனங்காட்டுக்கு நடுவே புதிதாக முளைத்த சொகுசு விடுதி ஒன்றில் என்னை ஓசியில் தங்கவைத்திருக்கிறார்கள். பதிலுக்கு விடுதியைப் பற்றி இனிப்பாக ஒரு கதை எழுதித் தர வேண்டும். வந்ததும் வைன் கோப்பையில் பதநீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அறைக்கு வந்தால் கட்டிலருகே அந்த அட்டை: 'கடல் நடுவே மணல்திட்டில் உங்கள் இருவருக்கு மட்டும் விருந்து. படகு உங்களைத் தனியே விட்டுவிட்டுப் போய்விடும்.'

கடைசி வரியைப் படித்ததும் அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். இன்னும் நிமிர்த்தவில்லை.

2.

தொடக்கம் ஒன்று: அந்தி வானம் பொன்னை உருக்கி ஊற்றிய (சே. இதைத்தான் அவர்கள் கேட்டார்கள். அடித்துவிட்டேன்.)

தொடக்கம் இரண்டு: சேதுபதி கமுதிப் பக்கம் மிளகாய் விவசாயி. ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போடும் அளவுக்குத்தான் அவனுக்குக் கடலைத் தெரியும். முதல் கல்யாண நாளுக்கு மனைவி மயூரியை இந்த விடுதிக்குக் கூட்டிவந்திருக்கிறான். அவள் மண்டபம் அகதி முகாமில் வளர்ந்தவள். கடலில் ஒரு சுற்றுப் போய்வரலாம் என்று மட்டும் அவளிடம் சொல்லிவிட்டு, திட்டு விருந்துக்கு ரகசியமாக ஏற்பாடு செய்துவிட்டான். ஆசையாகத்தான் செய்தான், பாவம்.

இது நிற்கும்.

3.

மயூரியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். சிறுமியாக இருந்தபோது தலைமன்னாரிலிருந்து அம்மாவோடு படகேறியவள். படகோட்டி அவர்களை ஒரு திட்டில் இறக்கிவிட்டு, "இதுதான் இந்தியா, நில்லுங்கோ, வேற படகு வரும்" என்று சொல்லிப் போய்விட்டான். பகல் முழுக்க எதுவும் வரவில்லை. அம்மா சேலையைக் கிழித்து வீசி வீசிக் காட்டினாள். கடைசியில் ஒரு படகு தெரிந்தது. யாருடையது என்று அம்மாவுக்கும் தெரியாது. மகளிடம் சொன்னாள்:

"ரெண்டு கையையும் மேல தூக்கிக்கொண்டு நில்லு பிள்ளை. ஒண்டும் கதைக்காத."*

இப்படிப்பட்டவள் மறுபடி படகேறுவாளா? புருஷன் கூப்பிட்டால் ஏறுவாள் என்றே வைக்கிறேன்.

(* முகாமில் யாரும் இதை எடுத்துச் சொல்லிக்கொள்வதில்லை. பக்கத்து வீட்டுக்கும் எதிர் வீட்டுக்கும் இதேதான் நடந்தது, யாரிடம் சொல்ல? அந்தப் பழக்கத்தில், மயூரி புருஷனிடமும் 'படகுல வந்தோம்' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.)

4.

திட்டில் மேசை, வெள்ளை விரிப்பு, இரண்டு நாற்காலி, மூடிவைத்த சாப்பாடு. விடுதியின் படகோட்டி அஃப்ரித் இருவரையும் இறக்கிவிட்டான்.

"சாப்ட்டு முடிச்சுட்டு ஒரு போன் போடுங்கண்ணே. உடனே வாரேன்."

படகு திரும்பியது. மயூரி சேதுபதியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவரைப் போக வேண்டாமெண்டு சொல்லுங்கோ."

மாமியார் வீட்டில் மட்டும் அவன் கேட்டிருந்த பேச்சு இது. தன்னிடம் அவள் இப்படிப் பேசியதே இல்லை.

"ஏன் மயூரி? இங்கன யாரு இருக்கா, நாம ரெண்டு பேருதான. ஒக்காரு."

"அவரைக் கூப்பிடுங்கோ. இப்பவே."

சிரித்தபடி போனை எடுத்தவன் சிரிப்பை நிறுத்தினான். போன் இலங்கை டவரைப் பிடித்திருந்தது. இந்தக் கரையில் அது சகஜம், கமுதிக்காரனுக்குத் தெரியாது. திரையில் 'இலங்கைக்கு நல்வரவு' என்றொரு குறுஞ்செய்தி. அழைப்பு போகவில்லை. மறுபடி போட்டான். போகவில்லை.

மயூரி எட்டி அந்தச் செய்தியைப் படித்தாள்.

"திருப்பிக் கொண்டுவந்து விட்டுட்டினம்," என்றாள்.

மேசை விரிப்பை ஒரே இழுப்பாக உருவினாள். சீலா மீன் வறுவலும் தட்டுகளும் மணலில் கவிழ்ந்தன. விரிப்பைத் தலைக்கு மேலே வீசத் தொடங்கினாள்.

5.

இந்த இடத்தில் நான் எழுந்துபோய் அறைக் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குப் பயமாக இருந்தது.

முடிவு ஒன்று: அஃப்ரித் வந்துவிடுகிறான். மூவரும் சிரிக்கிறார்கள். விடுதிக்காரர்களுக்கு இது பிடிக்கும். மயூரிதான் சிரிக்க மாட்டேன் என்கிறாள்.

முடிவு இரண்டு: தண்ணீர் ஏறிக்கொண்டே (இல்லை. அவளைக் கொல்ல என்னால் ஆகாது.)

முடிவு மூன்று: அவள் எல்லாவற்றையும் சொல்ல, அவன் அவள் கையைப் பிடித்து (பல் கிட்டி நிற்கிறவள் எங்கே சொல்வது?)

6.

இருட்டிக்கொண்டு வருகிறது. தூரத்தில் ஒரு படகு. அஃப்ரித்துடையதா, கடற்படையுடையதா, கடற்படை என்றால் எந்த நாட்டுடையது, எனக்குத் தெரியவில்லை. எழுதுகிறவனுக்கே தெரியவில்லை என்றால் நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

"அந்தா வந்துட்டான்ல," என்றான் சேதுபதி.

மயூரி விரிப்பைக் கீழே போட்டாள். இரண்டு கைகளையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அவள் கையாட்டிக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, அவனும் நிம்மதியாகக் கையாட்டினான்.

இதற்கு மேல் கரையில் உட்கார்ந்துகொண்டு என்னால் எழுத முடியாது. அந்தப் படகில் உங்களைத்தான் ஏற்றியிருக்கிறேன். திட்டு உங்களுக்குத் தெரிகிறது. ஒருவன் கையாட்டுகிறான், ஒருத்தி கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். எஞ்சினை அணைத்துவிட்டு முதல் வார்த்தையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். யோசித்துச் சொல்லுங்கள். ஆனால் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள், அவள் கையை இன்னும் இறக்கவில்லை.