நாடாவுக்கு ரெண்டு யூனிட்

"போட்டேன்னு சொல்றேன்ல…"

"போட்டா எறங்கணும்ல? நானூத்திப் பன்னெண்டு காட்டுது!"

"நீ திருட்டுத்தனமாப் பால ஊத்துனா எப்படிடி எறங்கும்?"

"நான் எங்க ஊத்துனேன்? பால் பாக்கெட்டுக்கு நீங்கதான நூலக் கட்டி முடிச்சுப் போட்டு வச்சிருக்கீங்க!"

"அத அவுத்துத் திரும்பப் போட உனக்குத் தெரியாதாக்கும்? நீயும் தறிக்காரிதான!"

புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ரத்தம் பார்க்கக் குத்தின காதை உதறிக்கொண்டிருந்தது பூனை. பேர் நாடா. குட்டியில், தறியில் ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடுகிற மாதிரி இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் ஓடுமாம். பொன்ராஜ் வைத்த பேர். இப்போது எட்டு வயசு. குடம் குடமாய்த் தண்ணி குடித்து எலும்பாய் இளைக்கவும், சின்னாளபட்டியிலிருந்து பஸ் ஏறித் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். சர்க்கரை என்றார் டாக்டரம்மா. ரெண்டு வேளையும் தின்ற பிறகு ரெண்டு யூனிட் இன்சுலின்.

ஊசி பொன்ராஜ் பொறுப்பு. சரஸ்வதிக்கு அதைப் பார்த்தாலே பயம். ஆனால் அவர் மேல் அவளுக்கு நம்பிக்கை இல்லை. அவருடைய அண்ணன் இன்சுலின் போட ஆரம்பித்து நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தவர். "ஊசின்னு ஆரம்பிச்சா அம்புட்டுதான்" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்ன மனுசன், வீட்டில் மட்டும் ஒழுங்காகப் போட்டுவிடுவாரா?

அன்று சாயந்திரம் டாக்டரம்மாவுக்கே போன் போட்டாள்.

"பத்து நாளாச்சும்மா. எறங்கவே மாட்டேங்குது."

"வேற ஏதாவது திங்குதா? பால், சோறு?"

"ஒண்ணுமில்லம்மா. நீங்க சொன்ன கோழிக்கறிதான்."

"அப்ப மருந்தக் கூட்டணும். ஆனா இப்பப் போடுறது முழுசா உள்ள போகுதான்னு தெரியாமக் கூட்ட முடியாது. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. போட்டமா இல்லையான்னு சந்தேகமா இருந்தா, அந்த வேளைய விட்டுருங்க. ரெண்டாவது ஊசி மட்டும் கூடாது. சர்க்கர ஒரு நாள் ஏறி நின்னாச் சமாளிக்கலாம். சட்டுனு எறங்குனா உசுரு தங்காது."

மறுநாள் காலை அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். பொன்ராஜின் முதுகுதான் தெரிந்தது. பிடரியைத் தூக்கினார், குனிந்தார், நிமிர்ந்தார்.

"ஆச்சு."

"அதுக்குள்ளயா?"

"பூனைக்குப் பிடரியில பூசையா போடுவாக?"

அவர் நெசவாளர் சொசைட்டிக்கு நூல் வாங்கப் போனதும் நாடாவைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். பிடரி மயிர் ஈரமாயிருந்தது. ஆஸ்பத்திரி வாசம். "மயிருலயே பீச்சி விட்டுட்டு ஆச்சாமே, ஆச்சு!" டாக்டரம்மா சொன்னது காதில் நிற்கத்தான் செய்தது. ஆனால் சந்தேகம் வந்தால்தானே அந்தப் பேச்சு? அவளுக்கு உறுதியே வந்துவிட்டது. பிரிட்ஜிலிருந்து மருந்தை எடுத்தாள். தானே ஊசியில் ஏற்றிப் போட்டும் விட்டாள்.

பதினோரு மணிக்குப் பொன்ராஜ் நூல் கட்டோடு வந்தார்.

"சரசு! ஏய், இங்க வா! நாடாவுக்குக் காலு கோணுதுடி!"

தறிக்குழி ஓரத்தில் ஒருக்களித்துக் கிடந்தது பூனை. எழப் பார்த்துச் சரிந்தது. காதில் குத்தி மெஷினில் வைத்தார்கள். நாற்பத்தெட்டு.

"சீனியக் கொண்டா! தண்ணியில கரைச்சு… சீக்கிரம்!"

விரலில் தொட்டு அதன் ஈறில் தடவினார். "நக்கு அப்பு. நக்குடா ராசா." ரொம்ப நேரம் நாக்கே அசையவில்லை. பிறகு லேசாக அசைந்தது. அரை மணி கழித்துத் தொண்ணூறு. போனில் டாக்டரம்மா, சாயந்திரம் வரைக்கும் மணிக்கு ஒருக்கா பார்க்கச் சொன்னார்.

நாடா எழுந்தது. தள்ளாடித் தள்ளாடி நேரே முற்றத்துக்குப் போனது. அங்கே கவிழ்த்திருந்த சட்டியின் விளிம்பை வறட்டு வறட்டென்று நக்கியது.

"என்னத்த நக்குது?"

"கஞ்சிச் சட்டிங்க. பாவு நூலுக்குத் தடவுற கஞ்சி. நேத்தோட பாவு முடிஞ்சதுன்னு இன்னைக்குக் காய்ச்சல."

"தெனமும் நக்குமோ?"

"நான் பார்த்திருக்கேன். அத யாரு கணக்குல வச்சா?"

"சோறு திங்குதான்னு அந்தம்மா கேட்டாகல்ல?"

"சோறா குடுத்தோம்? அது நூலுக்குக் காய்ச்சுறதுல்ல!"

பொன்ராஜுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பச்சரிசிக் கஞ்சி, பத்து நாளும் வயிறு முட்ட! "போ. நீயும் பால் ஊத்தல, நானும் ஏமாத்தல. வீணா ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டோம்."

சரஸ்வதி சிரிக்கவில்லை. சீனி கரைத்த டம்ளரைக் கழுவினாள். கழுவினதையே மறுபடி கழுவினாள்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

"கஞ்சி நக்காட்டியும் காலையில கறி தின்னுச்சுல்ல? பிடரியில ஸ்பிரிட் தடவி நான் போட்ட ரெண்டு யூனிட்டுக்கு இம்புட்டா எறங்கும்?"

டம்ளரில் தண்ணீர் நிரம்பி வழிந்தது.

"சரசு… நான் வெளிய போனதுக்கப்புறம் நீ எத்தன போட்ட?"