வலப்பக்கம் வைத்த ஸ்டியரிங்

எங்களுக்கு அண்ணன் முறையான றஸாக் காக்கா சவூதியிலிருந்து லீவில் வந்து அந்தப் பெட்டியை என் வீட்டு வாசலில் வைத்தபோதே எனக்கு மனசு சரியில்லை. என்னைக் கட்டிய மாப்பிள்ளை சரீப்பும் அவரும் ஒன்றாகத்தான் போனார்கள். அங்கே ஒரே அறை, ஒரே கொம்பனி, லொறி ஓடுகிற வேலை. மற்ற வீடுகளுக்கு வெளிநாட்டுப் பார்சல் வந்தால் துணி சுற்றித் தைத்து, கயிறு போட்டு இறுக்கி, பெயர் எழுதித்தான் வரும். எனக்கு வந்ததைப் பார்த்தால் நாலு மூலையும் நசுங்கி, மூடி கிழிந்து, பல தரம் திறந்து மூடின பெட்டி. மூடியில் பெரிய சிவப்பு லொறி ஒன்றின் படம்.

"என்ன காக்கா இது?" கதவுச் சீலைக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"வெளையாட்டு லொறி தங்கச்சி. துண்டு துண்டா இரிக்கும், ஒட்டி எடுக்கணும். சரீப் குடுத்து உட்டான்."

"ஆருக்கு?"

மனிசன் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "புள்ளைக்குத்தான்" என்றார். ஊற்றிய தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பெண்பிள்ளை. றாஹிலாவுக்கு மூன்று வயது. ஒரு பாவை, ஒரு சட்டை, கொஞ்சம் இனிப்பு, இதெல்லாம் கண்ணில் படாமல் எந்த வாப்பா தன் பெண்பிள்ளைக்கு லொறி வாங்குவான்? அவர் கடைசியாகப் பேசிப் பதிந்து அனுப்பிய கசட்டை மறுபடியும் போட்டுக் கேட்டேன். சுகம் கேட்டிருந்தார், வெயிலைப் பற்றிச் சொல்லியிருந்தார், உம்மாவுக்கு சலாம் சொல்லியிருந்தார். லொறிப் பெட்டியைப் பற்றி மூச்சே இல்லை.

பக்கத்து வளவில் எனக்கு மூத்தவளான ராத்தா ஸகியா இருக்கிறாள். அவளிடம் காட்டினது என் பிழைதான். அவள் வெறும் வாயையே மெல்லுகிறவள், அவல் கிடைத்தால் விடுவாளா?

"நஸீறா, இது ஆம்பிளப் புள்ள உள்ள ஊட்டுக்குப் போற சாமான்கா" என்றாள். "இடம் மாறி இஞ்ச வந்திரிக்கி."

"எந்த ஊடு?"

"எனக்கென்ன தெரியும்? உன்ட மாப்புள சவூதிக்குப் போறதுக்கு முந்தி பொத்துவிலுக்கு நெல்லு ஏத்தத்தானே போய் வந்தாரு? சில நாள் அங்கயே தங்கினாருதானே? நான் ஒண்டும் சொல்லல்ல."

ஒன்றும் சொல்லாமலே என் வயிற்றில் நெருப்பை அள்ளிப் போட்டுவிட்டுப் போனாள். எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைக்குரியது. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்துப் பெண்வீட்டுக்கு வருவான். இன்னொன்று முடித்தால் இன்னொரு வீட்டுக்கு நடப்பான், அவனுக்கு அவ்வளவுதான் வேலை. பொத்துவிலில் ஒருத்தி இருந்து, அவளுக்கு ஒரு ஆண்பிள்ளையும் இருந்தால்? அந்தப் பிள்ளைக்கு வந்த லொறி கைதவறி என் வாசலில் இறங்கியிருந்தால்? றஸாக் காக்கா தேத்தண்ணி குடிக்காமல் ஓடின ஓட்டம் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

பெட்டிக்குள்ளே எழுத்து ஒட்டும் தாள் ஒன்று இருந்தது. எங்கள் பக்கத்து லொறிகளின் நெற்றியில் முதலாளி தன் பிள்ளையின் பெயரைத்தான் எழுதுவார். 'இதிலும் ஒரு பெயர் இருக்கும், அது என்ன பெயர் என்று பார்த்துவிடுகிறேன்' என்று சொல்லிக்கொண்டு அடுத்த நாள் அடுப்படியில் பாயை விரித்து லொறி ஒட்ட உட்கார்ந்தேன். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஒட்டி முடித்தபின் தெரிந்தவர்களிடம் காட்டலாம் என்று நினைத்தேன். தாளைத் தண்ணீரில் நனைக்க வேண்டும் என்று படத்தில் போட்டிருந்தது, நனைத்தேன். எழுத்து முழுவதும் தூள் தூளாகி கோப்பையில் மிதந்தது. மலிவுச் சாமான் என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டது.

விட்டேனா? தொட்டதை முடிக்காமல் எழும்புகிற ஆள் இல்லை நான். மற்ற சாமான்களும் அதே இலட்சணம்தான். பசை டியூப் கல்லாகக் காய்ந்து கிடந்தது. லொறியின் அடிச்சட்டம் வளைந்திருந்தது, சில்லுகளில் இரண்டு வட்டமே இல்லை. ஒரு கதவு பொருந்தினால் மற்றது பொருந்தாது. சந்தைக்கு ஆள் விட்டு சைக்கிள் டியூபுக்குப் போடும் சொலூசன் எடுப்பித்தேன். பிடித்த மாதிரி இருந்துவிட்டு அஸர் தொழுகைக்குள் எல்லாம் கழன்று விழுந்தது. கடைசியில் சாக்குத் தைக்கும் ஊசியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பிளாஸ்டிக்கை உருக்கி உருக்கிப் பொருத்தினேன். வீடெல்லாம் ஒரே நாற்றம். றாஹிலா மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு ஓடிவிட்டாள்.

ஸ்டியரிங் வைக்கப் போனால் அதற்குரிய ஓட்டை இடப்பக்கம் இருந்தது. படத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. 'இதைச் செய்தவன் ஒரு லொறியைக் கண்ணால் கண்டிருக்க மாட்டான். டிரைவர் எந்தப் பக்கம் இருப்பான் என்றுகூடத் தெரியாதவனுக்கு ஒரு கொம்பனி!' ஊசியை மறுபடி காய்ச்சி வலப்பக்கத்தில் புதிதாக ஓட்டை போட்டு ஸ்டியரிங்கை அங்கே நட்டேன். பழைய ஓட்டையை உருக்கி அடைத்தேன். ஒரு மாதிரி லொறி எழும்பி நின்றது. ஒரு பக்கம் சரிவுதான், ஆனாலும் லொறி.

பிறகு றஸாக் காக்காவுக்குச் சொல்லி அனுப்பினேன். சரீப்புக்கு மாசிக் கருவாட்டுத் தூள் கொடுத்துவிட வேண்டும், வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்று. மாசித் தூள் இல்லை விஷயம். லொறியை மேசையில் அவர் கண்ணுக்கு நேரே வைத்தேன். ராத்தா வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப் போடுகிற மாதிரி நின்றாள். அவள் கையில் துணியே இல்லை.

றஸாக் காக்கா வந்தார், லொறியைக் கண்டார், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. சின்னப்பிள்ளை மாதிரிக் கையில் தூக்கினார்.

"மாஷா அல்லாஹ்! நீங்களா தங்கச்சி ஒட்டின?"

"ஓம். சரியா இரிக்கா எண்டு பாருங்க."

"எல்லாம் சரி. ஸ்டியரிங் மட்டும் பக்கம் மாறிப் போச்சி. அங்க லொறிக்கெல்லாம் ஸ்டியரிங் இடப்பக்கம்தான். றோட்டுலயும் வலப்பக்கத்தாலதான் போறது." வலப்பக்க ஜன்னலுக்குள் விரலை நுழைத்தார். "இந்தா, இது சரீப் இரிக்கிற சீட்டு. இதில ஸ்டியரிங்க நட்டு வெச்சிரிக்கீங்க!" என்று சொல்லிச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை.

"காக்கா, ஸ்டியரிங் இல்லாத பக்கத்தில இரிந்து அவர் எப்பிடி லொறி ஓடுற?"

அவருடைய சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. விரலை எடுக்கப் பார்த்தார், அது ஜன்னலில் சிக்கிக்கொண்டது.

"ஆர் ஓடுற அந்த லொறிய? உண்மையச் சொல்லுங்க. உங்கட புள்ளைகள்ள ஆணையாச் சொல்லுங்க."

"ஆணை கீணை என்னத்துக்கு தங்கச்சி?" தலையைக் குனிந்தார். "நான்தான் ஓடுறன். அவன் எனக்குக் கிளீனர். சிமெந்து மூடை ஏத்துறான், எறக்குறான்."

"ரெண்டு வருசமா 'லொறி ஓடுறன், லொறி ஓடுறன்' எண்டு கசட்டில சொன்னதெல்லாம்?"

"'லொறியில ஓடுறன்' எண்டுதான் அவன் சொன்ன. பக்கத்தில இரிந்து நானும் கேட்டன்."

வந்த ஆத்திரத்துக்கு லொறியைப் பறித்துச் சுவரில் அடித்திருப்பேன். லொறி ஓடுகிறவன் டிரைவர், லொறியில் ஓடுகிறவன் யாராகவும் இருக்கலாம். ஒரு 'இல்' போட்டு என்னைப் பேய்க்காட்டியிருக்கிறார்! ஊரெல்லாம் என்னை டிரைவர் பொஞ்சாதி என்று கூப்பிட, நானும் தலையைத் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன்.

"அப்ப இந்த லொறி ஆருக்கு? பொத்துவிலுக்கா?"

"பொத்துவிலா? அங்க ஆர் இரிக்கா?" அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். "இது அவன் தனக்கு வாங்கின தங்கச்சி. அங்க லைசன் எடுக்கணுமே. டெஸ்டுக்குப் போனான், சந்தியில திருப்பச் சொன்னா இஞ்சத்தப் பழக்கத்தில கை தன்ட பாட்டில இடப்பக்கம் கிறுகுது. எத்தின தரம் போனாலும் அதே பிழைதான். அந்த அறபி எல்லாருக்கும் முன்னால கழுத எண்டு ஏசினான். மறுகா கடையில இதக் கண்டு வாங்கி வந்தான். ஒட்டி முன்னுக்கு வெச்சிப் பழகப் போறானாம். எங்கட அறையில ஒரு கோப்பை வைக்கவே இடமில்ல, எங்க ஒட்டுற? வெள்ளிக்கிழமையில பெட்டியத் திறப்பான், பாப்பான், மூடி வெப்பான். நான் வரக்குள்ள கையில தந்து, 'இத ஊட்டுல குடு காக்கா, எனக்கு இனி வேணாம்' எண்டான். நஸீறாட்டச் சொல்லாத எண்டு அழுதான்."

நான் கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஊசியைக் காய்ச்சி வலப்பக்கம் ஓட்டை போட்ட என் கையைப் பார்த்தேன். எனக்கு யாரும் ஏசவில்லை, என்னை யாரும் கழுதை என்று சொல்லவில்லை. பாவம் அந்த மனிசன். மூடைக்கு முதுகைக் கொடுத்துவிட்டு வந்து, எனக்கு வெயிலைப் பற்றிக் கசட்டில் கதை சொல்லியிருக்கிறார். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. அல்லாஹ் அறிய, அதே நேரத்தில் நெஞ்சில் இருந்த கல்லும் இறங்கிப் போனது.

"அவரிட்டச் சொல்லுங்க காக்கா, மறுகாவும் டெஸ்டுக்குப் போகச் சொல்லி. கிடைக்காட்டி ஊட்டுக்கு வரச் சொல்லுங்க. பொய் சொன்னத்துக்கு நான் நேரில ஏசிக்கொள்றன்."

வேலிக்கு அந்தப் பக்கம் ராத்தாவுக்குப் பொறுக்க முடியவில்லை.

"என்னகா நஸீறா, பேர் தெரிஞ்சுதா? ஆராம் அவள்?"

நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு இறங்கினேன். தெருவில் மீன்காரன் நின்றான், முன்வீட்டுப் பெண்கள் நின்றார்கள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து சொன்னேன்.

"ஒருத்தியும் இல்ல ராத்தா! என்ட மாப்புள டிரைவர் இல்ல, கிளீனர்! சிமெந்து மூடை சுமக்காரு! அவருக்கு நான் ஒருத்திதான் பொஞ்சாதி!"

றஸாக் காக்கா உள்ளே இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவருக்கு வெட்கம். எனக்கு இல்லை. என் மாப்பிள்ளை சவூதிக்குப் போன நாளிலிருந்து நான் இவ்வளவு சந்தோசமாக ஒரு வார்த்தை பேசியதில்லை.